பட்டு ஒட்டாத கை

என் பேத்திக்கு இன்னும் தலை நிற்கவில்லை. வாயோ நிற்பதே இல்லை. தூளியில் மல்லாந்து கிடந்துகொண்டு, சத்தமே வராமல், உதட்டை மட்டும் அப்படியும் இப்படியும் அசைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று என் மகள் காயத்ரி பயந்தே போய்விட்டாள்.

"இன்னாப்பா இவ, சவுண்டே இல்லாம பேசிக்கினு இருக்கிறா? எதுனா பிரச்னையா?"

"ஒண்ணும் இல்லம்மா. மில்லு பாஷை பேசுறா. உன் தாத்தா பேசின பாஷை."

"தாத்தாவா? அவரு பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்குமே!"

அதுவும் சரிதான். காயத்ரி சின்னப் பெண்ணாக இருந்தபோதே என் அப்பா போய்விட்டார். அவளுக்கு அவருடைய குரல் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அந்தக் குரல் எங்கே வாங்கியது, சத்தமில்லாத பேச்சு எங்கே வாங்கியது, அவர் கல்யாணம் எப்படி ஒரு கழிப் பட்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. பேத்தி வளர்ந்து கேட்பதற்குள் எனக்கு மறந்துவிட்டால் என்ன செய்வது? நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். வந்தால் வரட்டும். தாத்தா ஆன சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

அப்பா பெயர் கலியாணசுந்தரம். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊர்ப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா, அதாவது குறுக்கு நூல் வைத்த கட்டை, ஓட்டிக் கோர்த்து நெய்ய வேண்டும். அதனால் நடுவில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே தறி. அதில் அப்பாவின் நைனாவும், அண்ணனும் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை கிடையாது. மீசை அரும்புகிற வயதில் அப்பா பட்டணத்துக்கு ரயில் ஏறி ஒரு பஞ்சு மில்லில் சேர்ந்துவிட்டார்.

மில்லில் தறி ஓடுகிற கொட்டகை என்பது நம் வீட்டுத் தறி மாதிரி இல்லை. இரும்புத் தறிகள் வரிசையாக நின்று எல்லாம் ஒன்றாகக் கத்தும். பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாயை வைத்துக் கூவினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசுவார்கள். வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் காட்ட வேண்டும். எட்டத்தில் நிற்கிறவன் பார்த்துவிட்டு அதே மாதிரி பதில் சொல்லுவான். மேஸ்திரி முதுகைத் திருப்பினால் போதும், கொட்டகை முழுக்க அரட்டைதான். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தக் கொட்டாயில் என்ன படம், எல்லாம் சத்தமில்லாமல் ஓடும்.

வெளியே வந்தால் நேர்மாறு. காது மரத்துப் போயிருக்கும், ஆகவே கத்திக் கத்தித்தான் பேச வரும். அப்பா லீவில் ஊருக்கு வந்து "அண்ணி, காபி" என்று கேட்டால் எதிர்வீட்டிலிருந்து காபி வந்துவிடுமாம். இது என் பெரியம்மா சொன்னது. பெரியம்மா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ஏகாம்பரநாதர் தேர் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றால், "கலியாணசுந்தரத்த கூப்புடுங்கப்பா" என்பார்கள். அப்பா வந்து ஒரு சத்தம் போடுவார். வடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றவன்கூட இழுத்துவிடுவான்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன்.

அண்ணா முதலமைச்சராக இருந்த சமயம். அப்பாவுக்குப் பெண் பார்த்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் குமரகுரு என்று ஒரு நெசவாளி. அவருடைய ஒரே மகள் காமாட்சி. பெண் பார்க்கப் போனபோது வயசான நைனா வீட்டோடு தங்கிவிட்டார்; அப்பாவோடு பெரியப்பா, பெரியம்மா, மில் சிநேகிதன் கந்தன் மூன்று பேரும் போனார்கள்.

கூடத்தில் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கந்தன். நடுவில் பெரியவர்கள் உட்கார்ந்து மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். காமாட்சி சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் தன் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அப்பா ஒரு பஜ்ஜியைக் கடித்தார். கந்தனைப் பார்த்தார். மில் பழக்கம் விடுமா? சத்தமே இல்லாமல் உதட்டை அசைத்தார்.

"பொண்ணு லட்சணமா இருக்குது. பஜ்ஜியிலதான் உப்பு இல்ல."

கந்தனும் உதட்டாலேயே கேட்டார். "மாமனாரு எப்டி?"

"புளியங்கா கடிச்ச மூஞ்சி."

பிள்ளையார்பாளையத்தில் மில் பாஷை யாருக்குத் தெரியப் போகிறது என்கிற தைரியம். சொல்லி வாய் மூடவில்லை, பெண்ணுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். காமாட்சி உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் உப்பை எடுத்துவந்து அப்பா முன்னால் மட்டும் வைத்தாள்.

"இன்னாத்துக்குமா உப்பு?" என்றார் குமரகுரு.

"அவரு கேட்டாரு நைனா."

"எப்ப கேட்டாரு? என் காதுல விழலையே?"

"மெதுவா கேட்டாரு."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. காமாட்சியின் அம்மாவுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டதாம். தாயும் மகளும் ஆரம்பத்திலிருந்தே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். குமரகுரு மட்டும் கையை ஆட்டிக் காட்டியே குடும்பத்தை ஓட்டியவர். அவருக்கு உதடு படிக்க வராது.

அப்பாவுக்குச் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கதவோரம் நின்ற காமாட்சியின் உதடு அசைகிறது. "மூஞ்சி விஷயத்த நைனாகிட்ட சொல்லட்டா?"

அப்பா அவசர அவசரமாக உதட்டை அசைத்தார். "வோணாம்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அவள் சிரித்தாள். அவ்வளவுதான். கட்டினால் இவளைத்தான் என்று அப்பா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியவர் குமரகுரு. அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. அவர் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து நாடா ஓட்டியது காமாட்சிதான். அவளைக் கட்டிக்கொடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டால் தறி நின்றுவிடும். அதனால் அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தம்பி, மில்ல விட்டுட்டு வந்து என் தறியில உக்காருவியா?"

"உக்கார்றேன் மாமா!"

"கத்தாதப்பா, பக்கத்துலதான் இருக்கிறேன். கைய நீட்டு பாக்கலாம்."

அப்பா இரண்டு கையையும் நீட்டினார். குமரகுரு ஆணியில் வளையமாகச் சுற்றித் தொங்கிய ஒரு கழிப் பட்டு நூலை எடுத்து, விரித்த உள்ளங்கைமேல் போட்டு, மெதுவாக இழுத்தார். கழி வரவில்லை. சரசரவென்று மாட்டிக்கொண்டு நின்றது. பட்டு நெய்கிற கை வழவழவென்று இருக்க வேண்டும். தோலில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் இழை மாட்டும், பிசிறும், அறுந்து போகும். அப்பாவின் கையோ இத்தனை வருஷம் இரும்பும் கிரீஸும் பிடித்த கை.

"இது கையா, தேங்கா துருவியா?" என்றார் குமரகுரு. "ஆடி பொறக்கப் போவுது. ஆடி போயி ஆவணி வரட்டும். பட்டு ஒட்டாத கையோட வா, தட்டு மாத்திக்கலாம். வரலன்னா மனசுல வச்சிக்காத தம்பி. தென்னேரி பக்கத்துல இருந்து ஒரு இடம் கேட்டுக்கினுதான் இருக்கிறாங்க. அந்தப் பையன் தறியிலயே பொறந்தவன்."

பட்டணத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அப்பா பேசவே இல்லையாம். உதட்டால்கூடப் பேசவில்லை.

கந்தன்தான் வைத்தியம் சொன்னார். "விளக்கெண்ணெய தேய்ச்சு துணியச் சுத்திக்கினு படு மாப்ள. கொழந்த கை மாதிரி ஆயிடும்." அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். படுக்கும்போது இரண்டு கையிலும் எண்ணெய் தேய்த்துத் துணி சுற்றிவிட்டால் போர்வையைக்கூட இழுத்துக்கொள்ள முடியாது. கந்தன்தான் போர்த்திவிட வேண்டும். "என் பொண்டாட்டிக்குக்கூட நான் இப்டி செஞ்சதில்ல" என்று திட்டிக்கொண்டே போர்த்திவிடுவாராம்.

விஷயம் கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. அந்தக் கோடியிலிருந்து ஒருத்தன் உதட்டால் கேட்பான், "மாப்ள, கை எப்டி இருக்குது?" அப்பா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். இந்தக் கோடியிலிருந்து இன்னொருத்தன் கேட்பான். மறுபடி தூக்கிக் காட்டுவார். கடைசியில் மேஸ்திரி கூப்பிட்டு, "இன்னாய்யா, நாள் பூரா கையத் தூக்கிக்கினே இருக்கிற? ஆசீர்வாதம் பண்றியா?" என்று கேட்டுவிட்டார்.

ஆனால் துணி சுற்றிப் படுத்தால் கை கொஞ்சம் இளகும், மறுநாள் இரும்பைப் பிடித்தால் பழையபடி ஆகிவிடும். பாதி ஆடி போன பிறகும் கழி மாட்டிக்கொண்டுதான் இருந்தது. அப்பா யோசித்துப் பார்த்தார். மில்லில் இருந்துகொண்டு இந்தக் கையை மாற்ற முடியாது. யாரையும் கேட்கவில்லை, வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு காஞ்சிபுரம் வந்து இறங்கினார்.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அறிவிருக்குதாடா உனக்கு? அந்த மனுஷன் மாட்டேன்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவ? இங்க தறியில எடம் இருக்குதா?"

"சொல்ல மாட்டாரு."

"எப்டி தெரியும்?"

"தெரியாது."

அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. பெரியம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். காலையில் அரிசி கழுவின தண்ணீரில் கையை ஊற வைக்க வேண்டும். மத்தியானம் வெண்ணெய். பொழுது சாய்ந்தால் விளக்கெண்ணெய். அப்பா கிணற்றுப் பக்கம் போனாலே குரல் வரும்.

"தண்ணி இழுக்காத! கயிறு கைய அறுக்கும்."

"செம்பயாவது எடுத்துக்கிறேன் அண்ணி."

"தொடாதன்னேன். வயசுக்கு வந்த பொண்ணு மாதிரி ஒரு ஓரமா உக்காரு."

பெரியப்பாவுக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. "என் கல்யாணத்துக்கு முன்னாடி நான் இப்டி உக்காந்திருந்தா நைனா கால ஒடிச்சிருப்பாரு."

"உங்க கையப் பாத்தா எங்க வீட்டுல பொண்ணு குடுத்தாங்க?" என்றார் பெரியம்மா. "பாத்திருந்தா நான் பொழைச்சிருப்பேன்."

தினமும் பெரியப்பாதான் தறியிலிருந்து ஒரு கழியை எடுத்துவந்து அப்பா கையில் போட்டு இழுப்பார். முதலில் நாலைந்து இடத்தில் மாட்டியது. பிறகு இரண்டு இடத்தில். ஆடி முடியும்போது வலது கட்டைவிரல் அடியில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. மில்லில் எப்போதோ நாடா தெறித்து அடித்த தழும்பு அது. அது மட்டும் எதற்கும் மசியவில்லை.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்த நாளில், பட்டணத்திலிருந்து வந்த கந்தனையும் சேர்த்துக்கொண்டு, பூ, பழம், தட்டோடு பிள்ளையார்பாளையம் கிளம்பினார்கள். அப்பாவுக்கு அந்தத் தழும்பு மேலேயே நினைப்பு. தெருத் திருப்பம் வந்ததும், "நீங்க முன்னாடி போங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்தங்கினார். இடுப்பில் மறைத்துக் கொண்டுவந்த சின்ன சீசாவைத் திறந்தார். தழும்பில் ஒரு சொட்டு வைக்கலாம் என்றுதான் நினைத்தார். பயத்தில் சீசா பூராவும் கையில் கவிழ்ந்துவிட்டது. வீணாக்குவானேன் என்று இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்.

குமரகுரு வீடு புதிதாக வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்தது. கதவுக்கெல்லாம் பச்சை பெயிண்ட். அவர் தோளில் போட்ட துண்டின் இரண்டு முனையையும் கைகளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியிடம் கண்ணைக் காட்டினார். அந்த அம்மா ஒரு வெள்ளைக் கழியை எடுத்துவந்து அப்பாவின் உள்ளங்கைமேல் போட்டு இழுத்தார்.

மாட்டவில்லை. ஆனால் வரவும் இல்லை. எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு, நனைந்த கயிறு மாதிரி அப்பாவின் கையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஐயோ, என் பட்டு!" என்று குமரகுரு எழுந்து நின்றுவிட்டார். "இன்னாடா தடவிக்கினு வந்த?"

"விளக்கெண்ணெ மாமா!" அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எண்ணெக் கையோட பட்டுத் தறிக்கு வர்றவன இப்பதான்டா பாக்கிறேன்! ஒரு பொடவ பூரா கறை ஆயிடுமே! இந்தக் கைய நம்பி நான் எப்டி நாடா குடுப்பேன்?"

பெரியப்பா தரையைப் பார்த்தார். பெரியம்மா தட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குத் தென்னேரிப் பையன் கண்முன் வந்து நின்றானாம்.

அப்போது காமாட்சி உள்ளேயிருந்து ஒரு சட்டியில் பூந்திக்கொட்டை நுரையைக் கலக்கிக்கொண்டு வந்தாள். எண்ணெய்க் கழியை அதில் போட்டாள். "கையையும் விடுங்க" என்றாள். அப்பா விட்டார். அவள் கழியை அலசுகிற மாதிரியே அவர் கையையும் அலசி, துடைத்துவிட்டாள். தட்டு மாற்ற வந்த இடத்தில் மாப்பிள்ளை கையைப் பெண் பிடித்ததை அந்தத் தெருவே பார்த்தது. 

"இப்ப போட்டுப் பாரு நைனா."

குமரகுரு கையைக் காட்ட, அவர் மனைவி புதுக் கழி ஒன்றைப் போட்டு இழுத்தார். தண்ணீர் வழுக்குவது போல வந்தது. விரல் நுனி, உள்ளங்கை, எதிலும் நிற்கவில்லை. கட்டைவிரல் அடிக்கு வந்ததும் ஒரே ஒரு இழை தழும்பில் மாட்டி எழும்பியது.

"மாட்டுது" என்றார் குமரகுரு.

"ஒரு எழதானே மாமா" என்றார் பெரியப்பா.

"ஒரு எழ அறுந்தா பொடவையில அது கோடு. சொன்னது சொன்னதுதான்."

காமாட்சி கழியை அம்மா கையிலிருந்து வாங்கினாள். "நைனா, உன் கையக் காட்டு."

"என் கைக்கு இன்னா?"

"காட்டுன்னேன்."

"நெய்யிறவன் கையப் பாத்து நீ இன்னா பண்ணப் போற?" அவர் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். காது கேட்காத அவர் மனைவிக்கு நடப்பது எல்லாம் புரிந்துவிட்டது. போய் அந்தத் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். காமாட்சி கழியைப் போட்டாள். முள்வேலியில் பஞ்சு விழுந்த மாதிரி மாட்டிக்கொண்டது. இழுக்கவே முடியவில்லை.

உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது. சுண்ணாம்பு அரித்த கை. பட்டு நெய்கிறவன் சுண்ணாம்பைத் தொடவே மாட்டான். வெள்ளை அடிக்க வேண்டுமென்றால் கூலிக்கு ஆள்தான் வைப்பான்.

"ஆள் வச்சிக்கலாம்னு அம்மா தலையால அடிச்சிக்கினாங்க, கேட்டியா?" என்றாள் காமாட்சி. "பாவு முடிஞ்சு அறுத்துட்டு, தறிய சும்மா போட்டுட்டு, ஆடி பூரா நீயே சுண்ணாம்பு கரைச்ச. பின்னாடி ரூம்ப நீயே பூசின. நீயே வெள்ளை அடிச்ச. அந்த ரூம்பு யாருக்கு நைனா? இவரு வந்து இருக்கத்தானே? இல்ல, தென்னேரிக்காரங்களுக்கா?"

குமரகுரு சுவரைப் பார்த்தார். "மழையில ஒழுகிக்கினு இருந்துச்சு. பூசினேன்."

"இந்த வருஷம் ஏது மழ?"

"வந்தா ஒழுவும்ல?"

"அப்ப கதவுக்குப் பெயிண்ட்டு?"

"மிச்சம் இருந்துச்சு."

பெரியம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஜன்னலுக்குக்கூடவா மாமா மிச்சம் இருந்துச்சு?"

முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. கந்தன் என்று பெரியம்மா சொல்லுவார், பெரியம்மா என்று கந்தன் சொல்லுவார். புளியங்காய் கடித்த மூஞ்சியும் கடைசியில் சிரித்துவிட்டது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

"சரி சரி, ராகுகாலம் வரப் போவுது" என்றார் குமரகுரு. "தட்ட எடுங்கப்பா."

காமாட்சி என் அம்மா ஆனது இப்படித்தான். அந்தப் பின்கட்டு அறையில்தான் நான் பிறந்தேன். அப்பா கடைசிவரை பட்டுத்தான் நெய்தார். மில் அவருக்குக் கொடுத்தனுப்பியது அந்தக் குரலும் அந்த உதட்டுப் பேச்சும் அந்தத் தழும்பும்தான். தழும்புக்கு மட்டும் ஒரு சின்னத் துணி கட்டிக்கொண்டு உட்காருவார்.

ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு நெசவு ஆரம்பிக்க முடியவில்லை. தறிக்குப் புதுப் பாவு, நீளவாட்டில் கட்டுகிற நூல், வந்துவிட்டது. பழைய பாவின் முனையோடு அதை இழை இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். முறுக்குவது கட்டைவிரலால்; அப்பாவின் தழும்பு மாட்டும், மாமனாரின் சுண்ணாம்புக் கை இன்னும் ஆறவில்லை. தறி வேலை தெரிந்து பட்டைத் தொடக்கூடிய கை அந்த வீட்டில் அம்மா ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் தறியில் உட்கார்ந்து தனியாக முறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு மாமனாரும் மருமகனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாத்தையும் நீயே ஊத்திக்காத மாப்ள. எனக்கும் வை."

"உங்களுக்குத்தான் மாமா ஜாஸ்தி வோணும். நீங்க எடுத்துக்குங்க."

"கத்தாத. குடு இப்டி."

அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லையாம். "ரெண்டு பேரும் பாவு பக்கம் வந்துடாதீங்க" என்றாளாம். "கை ஆறட்டும். நான் கூப்புடறேன்."